மலையைப் பார்த்தபடி ஒரு கேமரா

தைப்பிங்கில் மழை வருமா என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை மணிக்கு வரும் என்றுதான் கேட்பார்கள். ஒரு காலத்தில் கோப்பிக் கடைகளில் இதற்குப் பந்தயமே கட்டுவார்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 2,500 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது என்றால், தைப்பிங்கில் அது ஏறத்தாழ 4,000. கோலாலம்பூர்க்காரர்களின் குடை காரில் கிடக்கும். எங்கள் ஊரில் குடை கையோடு இருக்கும்.

காரணம் ஊருக்குக் கிழக்கே நிற்கிறது. பிந்தாங் மலைத்தொடரின் ஒரு பகுதியான புக்கிட் லாருட், 1979 வரை மேக்ஸ்வெல் ஹில் என்று அழைக்கப்பட்ட மலை, சுமார் 1,250 மீட்டர் உயரம். மேற்கே பதினைந்து கிலோமீட்டர் தள்ளி மாத்தாங் சதுப்புநிலக் காடும் மலாக்கா நீரிணையும். பகலில் நிலம் சூடேறியதும் கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு உள்ளே வரும். மலை வழிவிடாது. காற்று மேலேறும், குளிரும், மேகமாகும். பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு எல்லாம் ஊரின் தலையிலேயே கொட்டும்.

கோலாலம்பூரிலிருந்து இடிஎஸ் ரயிலில் வருபவர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பாடாங் ரெங்காஸ் தாண்டியதும் ரயில் பெராபிட் சுரங்கப்பாதைக்குள் நுழையும். மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருட்டு. அந்தப் பக்கம் வெயில் அடிக்க, இந்தப் பக்கம் வெளியே வரும்போது ஜன்னல் கண்ணாடியில் நீர்க்கோடுகள் ஓடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஊர் வந்துவிட்டது என்பதற்கு எனக்கு ரயில் நிலையப் பலகை தேவைப்பட்டதில்லை.

இந்த ஊரில்தான் அம்மா தனியாக இருக்கிறார். வயது 71. அப்பா போய் நான்கு ஆண்டுகள். நான் கோலாலம்பூரில், தம்பி சிங்கப்பூரில். தாமானில் ஒரு மூலை வீடு, பக்கவாட்டில் கொஞ்சம் நிலம், பின்பக்கம் ஒரு பெரிய கால்வாய். போன ஆண்டு ஒரு ராத்திரி அந்தக் கால்வாய் நிரம்பிப் பின்வாசல் படி வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்குள் வரவில்லை. அம்மா அரிசி மூட்டையை நாற்காலியில் தூக்கி வைத்துவிட்டு, விடிய விடியக் கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்திருக்கிறார். எங்களுக்குச் சொன்னது மறுநாள் மாலை, அதுவும் பேச்சுவாக்கில்.

தம்பி கொதித்துப் போனான். உடனே வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கிளம்பி வரவேண்டும் என்றான். அம்மா மறுத்தார். சரி, கூடத்தில் ஒரு கேமராவாவது வைப்போம் என்றான்.

"தைப்பிங்ல ஏற்கனவே ஒரு ஜெயில் இருக்குப்பா. 1879ல கட்டுனது, நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்குள்ள இன்னொண்ணு வேணாம்" என்றார் அம்மா.

ஆண்டைக்கூடச் சரியாகச் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது.

எனக்கு வானிலைக் கருவிகளில் கொஞ்சம் ஆசை உண்டு. ஏற்கனவே வீட்டின் பக்கவாட்டு நிலத்தில் ஒரு சிறிய வானிலை நிலையம் நிறுத்தியிருந்தேன். வெப்பம், ஈரப்பதம், காற்று, மழை ஆகியவற்றை அளக்கும் ஒற்றைத் தூண் கருவி. கம்பி வேண்டாம், வீட்டுக்குள் உள்ள திரைக்கு அதுவே தகவல் அனுப்பும், அங்கிருந்து இணையத்துக்குப் போகும். மழைமானிக்குள் ஏற்றப்பலகை போல இரண்டு குட்டி வாளிகள். 0.2 மில்லிமீட்டர் மழை சேர்ந்ததும் ஒன்று கவிழும், மற்றது நிமிரும். எத்தனை தடவை கவிழ்ந்தது என்று எண்ணினால் மழையளவு. ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். இந்தக் கணக்கை அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப நம்ம கூரை மேல எத்தன வாளி?" என்று கேட்டார். நூறு சதுர மீட்டர் கூரை, 60 மில்லிமீட்டர் மழை என்றால் ஆறாயிரம் லிட்டர். அவர் அதை நம்பவில்லை. கூடுதலாக இருக்கும் என்றார். கொட்டும் மழையில் இந்த வகைக் கருவி சற்றுக் குறைத்தே காட்டும் என்பது உண்மை. அம்மாவுக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்.

ஆனால், இந்த எண்களால் தம்பிக்கு ஒரு பயனும் இல்லை. மழைமானி மழை விழுந்த பிறகுதான் பேசும். கோலாலம்பூரில் உட்கார்ந்திருக்கும் எனக்கும், ஜூரோங்கில் உட்கார்ந்திருக்கும் அவனுக்கும் வேண்டியது, வரப்போகிறதா என்பதும் கால்வாய் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதும். அதற்குக் கண் வேண்டும். அம்மாவின் நிபந்தனை ஒன்றுதான். "மலையப் பாருங்க, வானத்தப் பாருங்க, லோங்காங்கப் பாருங்க. என்னப் பாக்கக்கூடாது."

இப்படித்தான் வானிலை நிலையத்துக்குக் கேமரா வந்தது.

வானிலையைப் பார்ப்பதற்காக இணையக் கேமரா வைப்பது புதிதல்ல. இணையத்தின் முதல் கேமரா என்று சொல்லப்படுவது 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினிக் கூடத்தில் கோப்பிக் குடுவையைப் பார்த்தது. குடுவை காலியா என்று அறிய மாடிப்படி ஏறி இறங்க யாருக்கும் மனமில்லை. 1994இல் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் தொடங்கிய 'ஃபாக்கேம்' அந்த ஊரின் மூடுபனியைப் பார்க்கிறது. 2019இல் மூடப்போவதாக அறிவித்தபோது பலரும் வருந்த, பல்கலைக்கழகமே பொறுப்பை ஏற்றுக்கொண்டது. ஒரே இடத்தில் நின்று ஒரே பனியைப் பார்க்கும் படத்துக்கு அவ்வளவு ஆசைக்காரர்கள். புக்கிட் லாருட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது புரியும்.

கேமராவை எந்தத் திசையில் வைப்பது என்பதுதான் முதல் கேள்வி. ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகள் வடக்கு நோக்கி வையுங்கள் என்று சொல்லும், அங்கே சூரியன் எப்போதும் தெற்கே இருப்பதால். தைப்பிங் நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகைக்குள் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முற்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே, மற்ற மாதங்களில் தெற்கே, எப்படியும் தலைக்கு மேலே வெகு உயரத்தில். ஆகவே நமக்குத் தொல்லை தருபவை கிழக்கும் மேற்கும். மலையோ கிழக்கே. காலையில் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து ஏறும்போது படம் வெளுத்துத்தான் போகும். ஆனால் தைப்பிங்கின் மழை நேரம் பிற்பகல். அப்போது சூரியன் கேமராவின் முதுகுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும், மலை முழுக்க வெளிச்சம். மலையின் ஒவ்வொரு மடிப்பும் தெரியும். காலை ஒன்றரை மணி நேரத்தை விட்டுக்கொடுத்து மாலையை வாங்கிக்கொண்டோம்.

பின்பக்கக் கூரை விளிம்புக்கு அடியில் இடம் பார்த்தோம். விளிம்பு நிழல் தரும், மழைத்துளி கண்ணாடியில் படாது. படச்சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வானமும் மலையும், ஒரு பங்கு தரை. தரை வேண்டும். வெறும் வானத்தைக் காட்டினால் மேகம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. தெரிந்த தூரத்தில் தெரிந்த பொருள்கள் இருக்க வேண்டும்: கால்வாயின் எதிர்ச்சுவர், அடுத்த தெருவின் தென்னை, மலையின் முதல் முகடு, இரண்டாம் முகடு, உச்சிக் கோபுரம். எது எது மறைகிறது என்று பார்த்தே தெரியும் தொலைவைச் சொல்லிவிடலாம். விமான நிலையங்களில் வானிலைப் பணியாளர்கள் காலங்காலமாகச் செய்வதும் இதே வேலைதான். 2015, 2019 ஆண்டுகளில் வந்தது போலப் புகைமூட்டம் வந்தால் முதலில் காணாமல் போவது உச்சிக் கோபுரமாகத்தான் இருக்கும்.

கால்வாயின் எதிர்ச்சுவரில் தம்பி வெள்ளைச் சாயத்தில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் எழுதினான். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் 'இன்ஃபோ பஞ்ஜிர்' தளத்தில் நாடு முழுக்க ஆறுகளின் நீர்மட்டமும் மழையளவும் பார்க்கலாம், வெள்ள நேரத்தில் அது பெரிய உதவி. ஆனால் ஆற்றுக்கு இருக்கும் கருவி அம்மா வீட்டு லோங்காங்குக்கு இருக்காது. பன்னிரண்டாம் கோடு தொட்டால் தண்ணீர் படிக்கு வரும்.

கருவி பற்றி வாசகர்கள் கேட்கக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்சாரத்தையும் தகவலையும் ஒரே இணையக் கம்பியில் கொண்டு செல்லும் வகைக் கேமராவை எடுத்தோம். கம்பி நூறு மீட்டர் வரை போகலாம், வெளியே தனியாக மின்சாரப் பிளக் தேவையில்லை. வைஃபை கேமரா மலிவு, ஆனால் கனமழை நேரத்தில், அதாவது நமக்கு வேண்டிய அதே நேரத்தில், சுவரைத் தாண்டிய வைஃபை தொடர்பை நம்பி இருக்க எனக்கு மனமில்லை. கம்பி சுவருக்குள் நுழையும் இடத்தில் அதைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலே ஏற்ற வேண்டும். கம்பி வழியே ஓடிவரும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. தைப்பிங் ஈரத்துக்கு, இணைப்புப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். எறும்புக்கும் பல்லிக்கும் ஓட்டைகளை அடைப்பது அதைவிட முக்கியம். பல்லி முட்டையிட இதைவிடக் கதகதப்பான இடம் எங்கே கிடைக்கும்?

உலகில் மின்னல் அதிகம் விழும் நாடுகளுள் நமதும் ஒன்று. ஆகவே கம்பியின் வழியில் மின்னழுத்தத் தடுப்பான் ஒன்றைப் போட்டு, அதை ஒழுங்காக நிலத்தோடு இணைத்திருக்கிறோம். நேரடியாக விழும் மின்னலை இது தடுக்காது. பக்கத்தில் எங்கோ விழுவதால் கம்பியில் பாயும் அதிர்ச்சியிலிருந்துதான் காப்பாற்றும். அம்மாவின் வழக்கம் இன்னும் பாதுகாப்பானது. இடி நெருங்கினால் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவார். நல்ல புயல் படங்கள் பல எனக்கு இதனால்தான் கிடைப்பதில்லை.

இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கை அணைத்து வைத்தோம். அந்த ஒளிக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், காலையில் மலைக்குப் பதில் வலைதான் தெரியும். வெளிச்ச அளவையும் வண்ணச் சமநிலையையும் கூடியவரை நிலைப்படுத்தி வைப்பது இன்னொரு விஷயம். தானாகச் சரிசெய்ய விட்டால், மேகம் கறுக்கக் கறுக்கக் கேமரா படத்தை வெளுப்பாக்கும். கறுப்பைக் கறுப்பாகக் காட்டாத கேமரா மழைக்கு எதற்கு?

நிமிடத்துக்கு ஒரு படம். ஒரு நாளைக்கு 1,440. அவற்றை நொடிக்கு 24 என்ற வேகத்தில் ஓட்டினால் ஒரு நாள் முழுவதும் சரியாக ஒரு நிமிடத்தில் கடந்துபோகும். இந்த வேலையை வீட்டுக்குள் இருக்கும் ராஸ்பெரி பை என்ற சீட்டுக்கட்டு அளவுக் கணினி பார்த்துக்கொள்கிறது. ஓடும் காட்சியை நாங்கள் வெளியே விடுவதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிழற்படம் மட்டும் குடும்பப் பக்கத்துக்குப் போகும், மழையளவும் வெப்பமும் அதன் ஓரத்தில் எழுதப்பட்டு. ஒலிவாங்கி அணைக்கப்பட்டுவிட்டது. கேமராவோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிட்டோம். வீட்டுக் கேமராக்கள் ஊர்க்கேமராக்கள் ஆவது பெரும்பாலும் அந்தச் சோம்பலால்தான்.

முதல் வாரம் நான் அந்த ஒரு நிமிடப் படங்களை வேலை முடிந்து எல்ஆர்டியில் வரும்போது பார்த்துக்கொண்டே வந்தேன். கண்முன்னால் இருந்தும் பார்க்காத ஒன்றை அது காட்டியது. காலையில் மலை தெளிவாக நிற்கும். பத்து, பதினொரு மணிக்கு முகட்டில் பஞ்சு போல ஒன்று ஒட்டும். மதியம் அது எழுந்து கோபுரமாகும். இரண்டு மணிக்கு மேல் கோபுரத்தின் அடி கறுக்கும், பிறகு மெல்ல, திரை இறக்குவது போல, உச்சி, இரண்டாம் முகடு, முதல் முகடு என்று மறைந்துகொண்டே கீழே வரும். தென்னை ஒரு முறை தலையைச் சுழற்றும். அடுத்த படத்தில் எல்லாம் வெள்ளை. சுட்டெரித்துக்கொண்டிருந்த வெப்பநிலை கால் மணி நேரத்தில் 33இலிருந்து 24க்கு விழும்.

இதை அம்மாவிடம் பெரிய கண்டுபிடிப்பு போலச் சொன்னேன். "ரெண்டாவது முகடு மறைஞ்சா துணி எடுக்கணும். மொத முகடு மறைஞ்சா எடுத்துருக்கணும்" என்றார். "இதுக்கா இவ்ளோ காசு?"

அவர் மலை பார்ப்பது இந்த வீட்டில் தொடங்கியதல்ல. செலாமா பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருபத்தெட்டு ஆண்டுகள். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து, ஐந்து மணிக்குப் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். மழை பெய்தால் மரப்பட்டை ஈரம், வெட்டினால் பால் கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். வெட்டி முடித்த பிறகு பெய்தாலோ மங்குக்குள் மழைத்தண்ணீர் ஏறிப் பாலைக் கெடுக்கும். ஒட்டுப்பாலாவது தேறுமா என்று பார்க்க வேண்டியதுதான். மழை நாள் என்றால் அன்றைய சம்பளத்தில் கை வைக்கும் நாள். அந்த வீட்டில் வானிலை என்பது காலைச் செய்தியின் கடைசியில் வரும் பகுதி அல்ல. மாதக் கடைசியில் மளிகைக் கடைப் பற்று எவ்வளவு என்பது அது.

"நாலு மணிக்கு மலையா தெரியும்? இருட்டு. அப்ப மேற்கப் பாக்கணும். சத்தமில்லாத மின்னல் மேற்க அடிச்சா, பெரட்டுக்குப் போறதுக்குள்ள வந்துரும்."

அம்மா சொன்னது 'சுமத்ரா'. நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்ரா தீவில் இரவில் திரளும் இடிமேகங்கள் வரிசையாகக் கடலைத் தாண்டி, விடியலுக்கு முன் நமது மேற்குக் கரையில் பலத்த காற்றோடு மோதும். ஏப்ரல், மே தொடங்கி நவம்பர் வரை வரக்கூடியவை. சிங்கப்பூர்க்காரர்களும் விடிகாலை ஜன்னல் அடித்துச் சாத்தும்போது இதே பெயரைத்தான் சொல்வார்கள். வானிலை இலாகா பயன்படுத்தும் பெயரும் அதுதான். தோட்டத்தில் யாரும் அவருக்கு அந்தப் பெயரைக் கற்றுக்கொடுக்கவில்லை. அவர்கள் அதை "மேக்கத்தி" என்றார்களாம்.

ஆக, கிழக்கைப் பார்க்கும் எங்கள் கேமராவுக்குத் தைப்பிங்கின் மாலை தெரியும், விடிகாலை தெரியாது. போன ஆண்டு கால்வாய் நிரம்பியதும் ஒரு விடிகாலையில்தான்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை கேமராவுக்கு முதல் சோதனை வந்தது. பிற்பகல் 2.50க்கு உச்சிக் கோபுரம் மறைந்தது. 3.05க்கு இரண்டாம் முகடு. நான் ஒரு கூட்டத்தில் இருந்தேன், கைப்பேசியை மேசைக்குக் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். 3.20க்கு மழைமானி கவிழத் தொடங்கியது. அடுத்த ஒரு மணி நேரத்தில் 64 மில்லிமீட்டர். வடிகால் நீர்ப்பாசன இலாகா மணிக்கு 60க்கு மேல் போனால் அதை மிகக் கனமழை என்று வகைப்படுத்துகிறது. கால்வாயில் நான்காம் கோடு, ஆறு, ஒன்பது. தம்பி சிங்கப்பூரிலிருந்து அழைக்க, நான் இங்கிருந்து அழைக்க, அம்மா இருவரையும் எடுக்கவில்லை. 4.25க்குப் படம் நின்றுவிட்டது.

பிளக்கைப் பிடுங்கியிருந்தார். 4.40க்கு அவரே அழைத்தார். "பத்தாவது கோடு. நின்னுருச்சு. எறங்குது. ரெண்டு பேரும் வேலையப் பாருங்க." அரிசி மூட்டை மூன்று மணிக்கே நாற்காலிக்குப் போய்விட்டதாம்.

தம்பி அன்று இரவும் இடம்மாறும் பேச்சை எடுத்தான். எண் போட்ட சுவர் அவனுக்கு நிம்மதியைக் கொடுக்கவில்லை, கவலைக்கு ஒரு அளவுகோலைக் கொடுத்துவிட்டது. ஐந்தாம் கோட்டுக்கு அவன் அழைக்கத் தொடங்குவான். அம்மாவுக்கு அது எரிச்சல்.

இதைவிட எனக்கு உறுத்தியது வேறு. படத்தின் இடது மூலையில், கால்வாயோரம், நந்தியாவட்டைச் செடி இருக்கிறது. தினமும் காலை ஏழரை வாக்கில் அம்மா சாமிக்குப் பூப்பறிக்க அங்கே வருவார். வெளுத்துப்போன காலைப் படத்தில் தலையில் கட்டிய துண்டு மட்டும் ஒரு புள்ளியாகத் தெரியும். வெட்டுக்குப் போன காலத்துப் பழக்கம், இன்னும் துண்டு கட்டாமல் வெளியே இறங்க மாட்டார். நான் அந்தப் புள்ளியைத் தேடத் தொடங்கியிருந்தேன். தம்பியும் தேடுகிறான் என்பது பிறகு தெரிந்தது. ஒரு சனிக்கிழமை ஒன்பது மணியாகியும் புள்ளி வரவில்லை. அவன் பக்கத்து வீட்டுப் பாக் சிக்கை அழைத்து, அவர் கதவைத் தட்டி, கடைசியில் அம்மா பாசாரில் கெண்டை மீன் வாங்கிக்கொண்டிருந்தது தெரியவந்தது.

என்னைப் பார்க்கக்கூடாது என்று அவர் போட்ட நிபந்தனைக்கு இது நேர் எதிர். அந்த மூலையைக் கறுப்புக் கட்டத்தால் மறைக்கும் வசதி கேமராவிலேயே இருக்கிறது. மறைத்தால் கோட்டில் பாதி எண்களும் மறையும். இரண்டையும் சொல்லி முடிவை அவரிடமே விட்டேன்.

அம்மா கைப்பேசியை வாங்கி அந்த மூலையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். தன் தலையைத் தானே பார்த்தார். "இதத்தான் தெனம் பாக்கறீங்களா? ஒண்ணுமே தெரியலயே" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பின்பக்கம் போய், பழைய சிவப்பு வாளி ஒன்றைக் கால்வாய்ச் சுவர் ஓரம் வைத்தார்.

"வாளி நிமிந்திருந்தா வீட்ல இருக்கேன். கவுந்திருந்தா வெளிய. அதுக்கு மேல கேக்கக்கூடாது."

மழைமானிக்குள் இருக்கும் குட்டி வாளிகளை அவருக்குக் காட்டியது நான்தான். அதிலிருந்து வந்த யோசனையா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மூலை மறைக்கப்படவில்லை. தம்பி இப்போது வாளியைப் பார்க்கிறான். ஒரு ஞாயிறு நாள் முழுக்க வாளி கவிழ்ந்தே கிடந்தது. அழைத்தால், "வீட்லதான் இருக்கேன். இன்னிக்கு யாருக்கும் சொல்ல வேணாம்னு தோணுச்சு" என்றார்.

தைப்பிங் வருபவர்கள் ஏரிப் பூங்காவுக்குப் போகாமல் திரும்புவதில்லை. கைவிடப்பட்ட ஈயச் சுரங்க நிலத்தில் 1880இல் உருவான பூங்கா. ஏரியோரச் சாலையில் கிளைகளைத் தண்ணீர் வரை தாழ்த்தி நிற்கும் பெருமரங்களுக்குத் தமிழில் தூங்குமூஞ்சி மரம் என்று பெயர். மலாய்க்காரர்கள் மழை மரம் என்றும், 'ஐந்து மணி மரம்' என்றும் சொல்வார்கள். மாலையிலும் வானம் இருண்டாலும் இலைகளை மடித்துக்கொள்ளும். அடுத்த முறை போகும்போது மணி மூன்றுக்கு அந்த இலைகளை நிமிர்ந்து பாருங்கள். மடிந்திருந்தால், காருக்கு நடக்கத் தொடங்கலாம். கம்பியும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை.

எங்களுக்கு இப்போது மேற்கு தேவைப்படுகிறது. வீட்டின் முன்பக்கம் மேற்கு, ஆனால் எதிர்வரிசை வீடுகளின் கூரைகள் தொடுவானத்தை மறைக்கின்றன. ஆறு மீட்டர் உயரத்தில் ஒரு குழாய் நட்டு, அதன் உச்சியில் வைத்தால் கூரைகளுக்கு மேலே வானம் கிடைக்கும். இந்த முறை இருட்டில் பார்க்கக்கூடிய, வெளிச்சம் குறைந்தாலும் மின்னலைப் பதியும் கேமரா வேண்டும். இரும்புக் குழாய் என்பதால் அதற்கென்று தனி நிலக்கம்பி போட ஆள் சொல்லியாகிவிட்டது. நல்ல இடம் பாக் சிக் வீட்டுக்கும் நமக்கும் நடுவிலுள்ள வேலியோரம். அவருடைய முற்றம் படத்தில் விழாதபடி கோணத்தை அவர் முன்னாலேயே சரிபார்ப்பதாகச் சொன்னோம்.

பாக் சிக் யோசித்தார். அவர் வார இறுதிகளில் கோல செப்பேத்தாங்கிலிருந்து மீன்பிடிக்கப் போகிறவர். தைப்பிங்கிலிருந்து 1885இல் நாட்டின் முதல் ரயில் ஓடிப்போய்ச் சேர்ந்த பழைய போர்ட் வெல்ட் அது. தண்டவாளம் போட்டதில் இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர் படைக்குப் பங்கு உண்டு. ரயில் நின்றுபோன பின்னும் அங்கே விட்டுவைத்திருக்கும் நிலையப் பலகையில் ஊர்ப்பெயர் தமிழிலும் இருக்கிறது. விடிகாலை நாலு மணிக்குக் கடலுக்குக் கிளம்பும் முன் பாக் சிக்கும் வாசலில் நின்று மேற்கே மின்னுகிறதா என்றுதான் பார்க்கிறார். எதிர்வீட்டுக் கூரை அவருக்கும் மறைக்கிறது.

படத்தைத் தன் கைப்பேசிக்கும் அனுப்புவதானால் குழாயைத் தன் பக்கமே நட்டுக்கொள்ளலாம் என்றார். அந்தப் பக்கம் நட்டால் கம்பி 38 மீட்டர். டிசம்பர் பள்ளி விடுமுறைக்குத் தம்பி பிள்ளைகளோடு வருகிறான். ஏணியை அம்மா இப்போதே வாங்கி வைத்துவிட்டார்.